லியோன் முதல் குரும்பாபேட் வரை: ஒரு நாயின் முழங்கை



சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். இங்கே விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்ப்பவர். கையில் ஒரு மாத்திரை அட்டை. "ஐயா, நம்ம வீட்டு நாய்க்குட்டி முன்னங்காலை நொண்டுது. அம்மாவோட மூட்டுவலி மாத்திரை இருக்கு. பாதி உடைச்சுக் கொடுக்கலாமா? நீங்க நாய் வளர்த்தவராச்சே" என்றார்.

அந்த அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மேசை மேல் வைத்த பிறகுதான் அவரை உட்காரச் சொன்னேன். காரணம் உண்டு. அவர் செய்ய நினைத்ததை 2012ஆம் ஆண்டு நானே செய்திருக்கிறேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்த கொஞ்சம் சரித்திரத்தையும் இன்று எழுதுகிறேன். வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு மொழியில் பாடம் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிறகு அரசாங்க குமாஸ்தாவாகக் கோப்புகளோடு காலம் தள்ளி, ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான விருத்தாசலத்தில் வீடு கட்டிக் குடிவந்தேன். செராமிக் ஊரில் வீடு கட்டுகிறோமே என்று கூடம், தாழ்வாரம், அறைகள் எல்லாவற்றுக்கும் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் டைல்ஸ் போட்டேன். அந்தத் தரைக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

2011ஆம் ஆண்டு என் மகன் ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். அதற்கு பிஜு என்று பெயர் வைத்தேன். பிரெஞ்சில் நகை, ஆபரணம் என்று பொருள். நகையைப் பூட்டி வைப்பது போலத்தான் வளர்த்தோம். மூன்று வேளைச் சோறு, கறி, இடையிடையே பிஸ்கட், எலும்பு பலமாக வளரட்டும் என்று தினமும் கால்சியம் டானிக். ஆறு மாதத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஆனான். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எட்டாவது மாதத்தில் நொண்ட ஆரம்பித்தான்.

நொண்டலுக்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் லியோன் நகரம் என்றால் பட்டு நெசவு, ரோன் நதி, சோன் நதி என்று மனப்பாடம் செய்வோம். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அந்த ஊரில்தான் தோன்றியது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. குளோத் புர்ழெலா என்று ஒருவர். 1712இல் பிறந்தவர், வக்கீல் தொழில் தெரிந்தவர், லியோனில் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் மாடுகள் வெக்கை நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. உழவு நின்றது, பாலும் இறைச்சியும் போயிற்று. மன்னர் பதினைந்தாம் லூயியின் அரசு 1761இல் அனுமதி கொடுக்க, 1762இல் புர்ழெலா பள்ளியைத் திறந்தார். சில ஆண்டுகளில் பாரிசுக்குப் பக்கத்தில் அல்ஃபோர் என்ற இடத்தில் இன்னொரு பள்ளி. அங்கே படித்து வந்தவர்களுக்கு "அர்த்தீஸ்த் வெத்தெரினேர்" என்று பட்டம். அப்படியே மொழிபெயர்த்தால் கால்நடை வைத்தியக் கலைஞர்.

அந்தப் பள்ளி யாருக்காகத் தோன்றியது? மாட்டுக்காக, குதிரைக்காக. மாடு உழுதது, குதிரை படையை இழுத்தது. நாய்க்காக யாரும் கஜானாவைத் திறக்கவில்லை.

நம் ஊர் மட்டும் வேறா? மாட்டுக்கு வாகடம் உண்டு, குதிரைக்கு நூல் உண்டு, யானைக்கு சாத்திரம் உண்டு. ஆனால் நாயை நாம் மதிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுப் பழமை. தொறு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செத்த பிறகு நாய்க்குக் கல் எடுத்தோம். உயிரோடு இருக்கும்போது அதன் காலைப் பிடித்துப் பார்க்கத்தான் வெகுகாலம் ஆயிற்று.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்புக் கல்லூரியானது. அதன் தொடக்கக் கவலையும் மாடும் குதிரையும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் வெக்கை நோய் ஒழிப்பைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். கிராமம் கிராமமாக மாடுகளுக்கு ஊசி போட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

நாய் இந்தக் கோப்பில் எப்போது நுழைந்தது? நோயாளியாக அல்ல, ஆபத்தாக நுழைந்தது. லியோன் கால்நடைப் பள்ளிப் பேராசிரியர் கால்த்தியே என்பவர் 1879 வாக்கில் வெறிநாய்க்கடி நோயை முயல்களில் ஆராய்ந்தார். 1885இல் பாஸ்தர் கடிபட்ட சிறுவனுக்கு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். 1907இல் நம் குன்னூரில் பாஸ்தர் நிலையம் வந்தது. இவ்வளவும் மனிதனைக் காப்பாற்ற. அந்த நாய்க்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கும் காலம் அதற்கும் பிறகுதான் வந்தது.

இனி பிஜுவின் முழங்கைக்கு வருகிறேன்.

நாய்க்கு முழங்கையா என்று சிரிக்க வேண்டாம். முன்னங்காலில் நெஞ்சை ஒட்டிப் பின்பக்கம் கூராகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதுதான் முழங்கை. நம்மைப் போலவே அங்கே மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே உள்ளவற்றை எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் ராதியூஸ், கூபித்தூஸ் என்று படித்தோம். இங்கே ரேடியஸ், அல்னா என்கிறார்கள். நாம் கையை ஊன்றி நடப்பதில்லை. நாயோ தன் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. எனவே அந்த மூட்டில் நூலிழை பிசகினாலும் வாழ்நாள் வலி.

பிசகு எப்படி வருகிறது? குட்டி வளரும்போது ரேடியஸும் அல்னாவும் ஒரே அளவாக நீள வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் மூட்டில் படி விழுந்துவிடும். பாரம் முழுவதும் அல்னாவின் உள்பக்கம் உள்ள சிறு முனையில் இறங்கி, அது விரிசல் விட்டு உடைகிறது. சில குட்டிகளுக்கு, முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில், அல்னாவின் மேல்முனை ஐந்து மாத வாக்கில் எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் தனியாகவே நின்றுவிடும். சிலவற்றுக்கு மேல் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் ஏடாகப் பெயரும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் முழங்கை வளர்ச்சிக் கோளாறு. எப்படித் தொடங்கினாலும் முடிவு ஒன்றே: மூட்டுத் தேய்மானம்.

இதைச் சூளைத் தம்பியிடம் சொன்னபோது அவர் சட்டென்று, "ஐயா, அச்சிலிருந்து எடுத்த பொம்மை ஒரு பக்கம் சீக்கிரம் காய்ஞ்சு ஒரு பக்கம் ஈரமா இருந்தா சூளைக்குப் போறதுக்கு முன்னயே வெடிச்சிடும். அது மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான். எந்த மருத்துவப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

உயிருள்ள நாயின் எலும்புக்குள் நடப்பதைப் பார்க்க 1895இல் ரோன்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்-ரே தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் நாயின் மூட்டைக் கூர்ந்து பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1970களில் ஸ்வீடனில் ஸ்டென்-எரிக் ஓல்சன் போன்றவர்கள், பெரிய இன நாய்களின் முழங்கையில் தனித்தனியாகப் பேசப்பட்ட கோளாறுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1989இல் இந்த முழங்கைக்காகவே சர்வதேசக் குழு ஒன்றை ஏற்படுத்தி, எக்ஸ்-ரே பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தார்கள். 0 என்றால் நல்ல மூட்டு. ஒரு வயது நிறைந்த பிறகு எடுக்கும் படத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற நாய்களை மட்டும் இணை சேர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏனென்றால் இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. லாப்ரடார், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற வேகமாக வளரும் கனத்த இனங்களில் அதிகம்.

பிஜு நொண்டியபோது இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைப் பார்த்தேன். சுளுக்கு என்று நல்லெண்ணெய் தடவினேன். காலையில் எழுந்ததும் விறைப்பாக நடப்பான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அதனால், "வளர்ற வயசு, தானா போயிடும்" என்று நானே தீர்ப்பு எழுதி, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை மூடிவிட்டேன். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் இரவு அவன் படியிறங்க மாட்டாமல் முனகியதைக் கேட்கச் சகிக்கவில்லை. எனக்கே முழங்கால் வலி. டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த டைக்ளோஃபினாக் மாத்திரை அலமாரியில் இருந்தது. வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் நன்றாக நடந்தான். எனக்கு ஒரே பெருமை. தொடர்ந்து நான்கு நாள் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனான். என் மனைவி, "என்னங்க, இது ரத்தம் மாதிரி இருக்கே" என்று பதறினாள். ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். மகள் வயதுடைய டாக்டரம்மா. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, இந்த மருந்து நாட்டுல இருந்த கழுகையெல்லாம் கொன்னது தெரியுமா?" என்றார்.

உண்மைதான். மாடுகளுக்கு வலிநீக்கியாக டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1990களில் தொடங்கி, இந்தியாவில் அவை நூற்றில் சிலவே மிஞ்சும் அளவுக்குக் குறைந்தன. 2004இல் காரணம் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க அரசு தடை விதித்தது. இன்று தமிழ்நாட்டில் நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் அவை எஞ்சியிருக்கின்றன. நாயின் உடலிலும் அந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இவையும் நாய்க்கு ஆபத்தானவை. நம் உடம்பு கழித்துத் தள்ளுவதை நாயின் உடம்பு தள்ளாது. நாய்க்கென்று மெலாக்சிகம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும்.

ஆறு நாள் குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு பிஜுவைப் பிழைக்க வைத்தார்கள். அதன் பிறகு புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தோம். 1994இல் தொடங்கிய கல்லூரி. நான் பிறந்த மண்ணிலேயே, லியோன் பள்ளியின் தூரத்துப் பேரப்பிள்ளை ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு முழங்கையிலும் கோளாறு. வலதில் தேய்மானம் தொடங்கிவிட்டது. இரண்டு காலும் வலித்ததால்தான் நொண்டல் பல நாள் சரியாகத் தெரியவில்லை என்றார்கள்.

அங்கே ஒரு பாடம் கற்றேன். முன்னங்கால் நொண்டும் நாயின் தலையைப் பார்க்க வேண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். நிற்கும்போது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். நான்கு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் குட்டியிடம் இப்படிக் கண்டால் காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே கண்டால், மூட்டுக்குள் சிறு குழாய்க் கருவியை விட்டு உடைந்த துண்டை எடுப்பது, ஒட்டாத முனையை ஒட்டவைப்பது, அல்னாவை வெட்டிப் பாரத்தைச் சமன் செய்வது என்று அறுவை வழிகள் உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. செய்தாலும் தேய்மானத்தை முழுக்க நிறுத்த முடியாது. எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

"அப்ப என்னதான் வைத்தியம்?" என்று கேட்டேன். "தட்டும் தரையும்தான் ஐயா" என்றார் அந்த மருத்துவர். விளக்கிச் சொன்னார்.

முதலில் தட்டு. எடை குறைய வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுவதும் வைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளிவந்தது. உடன்பிறப்பைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்படும் காலமும் தள்ளிப்போனது. அடுத்தது, நான் ஊற்றிய கால்சியம் டானிக். 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கிரேட் டேன் குட்டிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்த குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கோணிப்போனது. சிறு குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தை மறுக்கத் தெரியாமல் ஏற்றுக்கொள்ளும். பலம் வரட்டும் என்று நான் ஊற்றியது மூட்டுக்குப் பகையாக இருந்திருக்கிறது.

பிறகு தரை. என் பளபளப்பு டைல்ஸில் பிஜு ஒவ்வொரு அடிக்கும் வழுக்காமல் இருக்கக் காலை இறுக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். அதோடு, கடினத் தரையில் பொத்தென்று படுத்து எழுவதால் முழங்கை முனையில் தோல் காய்த்து, அடியில் நீர் கோத்து எலுமிச்சம்பழ அளவில் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடச் சொன்னார்கள். டாக்டரம்மா, "குத்தினா கிருமி போயிடும், ஆறவே ஆறாது. மெத்துன்னு படுக்கை போடுங்க, தானா வத்தும்" என்றார். கூடம் முழுக்கத் தென்னங்கயிற்று விரிப்பும் பழைய ஜமக்காளமும் போட்டோம். சாக்குக்குள் பழந்துணி திணித்துப் படுக்கை தைத்தாள் என் மனைவி. ஆசையாகப் போட்ட டைல்ஸ் பதினோரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. வீக்கம் இரண்டு மாதத்தில் வற்றிப்போனது.

ஓடிப்பிடித்து விளையாடுவதும் படி தாவுவதும் நின்றன. அதற்குப் பதிலாகத் தினமும் காலையும் மாலையும் கயிறு பிடித்து இருபது நிமிடம், மண் தரையில், ஒரே சீரான நடை. மழைக்காலத்தில் வலி கூடும்போது மட்டும் மருத்துவர் சொன்ன மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. 38 கிலோவாக இருந்தவன் 30 கிலோவுக்கு வந்தான். அவனோடு நடந்து நடந்து என் முழங்கால் வலியும் குறைந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். புர்ழெலா காலத்து வெக்கை நோய் வெளியிலிருந்து வந்த சத்துரு. அதை எதிர்க்க அரசாங்கம் வேண்டும், பள்ளி வேண்டும், ஊசி வேண்டும். அந்த முதல் பள்ளி தோன்றி 250 ஆண்டு நிறைந்த 2011இல்தான் உலகத்தில் வெக்கை நோய் அடியோடு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பிஜு பிறந்த வருடமும் அதுவே. ஆனால் பிஜுவின் நோய் எந்தக் கிருமியும் கொண்டுவந்ததல்ல. அழகுக்காகக் கனத்த உடம்பை வேண்டி இணை சேர்த்தவன் மனிதன். அளவு தெரியாமல் சோறு போட்டவன் நான். வழுக்கும் தரை போட்டவனும் நான். இப்படிப்பட்ட நோய்க்கு மருத்துவர் வழி காட்டலாம், அன்றாட வைத்தியத்தை வீட்டுக்காரன்தான் செய்ய வேண்டும்.

பிஜு 2022 மார்கழியில் தன் சாக்குப் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தான். பதினோரு வயது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். கூடத்து விரிப்புகளை எடுத்தபோது டைல்ஸ் புதுசு மாதிரி பளபளத்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மறுபடியும் விரித்துவிட்டேன்.

இதையெல்லாம் கேட்ட சூளைத் தம்பி மாத்திரை அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்று மாலையே குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். ஆறு மாதக் குட்டி. அடுத்த வாரம் குரும்பாபேட்டுக்குப் படம் எடுக்கப் போகிறார்கள். எங்களைப் போல் அல்லாமல் நேரத்தோடு போகிறார்கள். கூடத்து விரிப்பில் பாதியைச் சுருட்டி அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

படம் வந்ததும் எழுதுகிறேன். அதுவரை, உங்கள் வீட்டு நாய் நடக்கும்போது ஒரு தடவை அதன் தலையைக் கவனித்துப் பாருங்கள்.